போர்ட் லூயிஸ்: பதினாறு படிகளும் ஒரு பழைய தாளும்

ஐந்து நாள் பயிலரங்கு ஒன்றுக்காக நாங்கள் மூன்று பேர் மொரிசியஸ் போயிருந்தோம். மூவருமே களப்பணியாளர்கள். ஒருவர் பறையிசைக் கலைஞரும்கூட. பயிலரங்கைப் பற்றி எழுத அதிகமில்லை. குளிரூட்டிய அறை, கழுத்தில் தொங்கும் அட்டை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம். மாலை நேரங்களிலும், எல்லாம் முடிந்த பிறகு கிடைத்த இரண்டு நாட்களிலும் தலைநகரான போர்ட் லூயிஸில் சுற்றினோம். திரும்பி வந்ததும் மாலை வகுப்புக்கு வரும் மாணவத் தோழர்கள் கேட்ட முதல் கேள்வி, "பீச் எப்படித் தோழர் இருந்துச்சு?" என்பதுதான். அவர்கள்மேல் தப்பில்லை. சினிமாப் பாட்டுக் காட்சிகளில் நமக்குக் காட்டப்பட்ட மொரிசியஸ் அதுதான்.

போர்ட் லூயிஸில் சொல்லும்படியான கடற்கரை கிடையாது. அது துறைமுகம். கப்பலில் யார் யாரையோ கொண்டுவந்து இறக்கிய இடம். அந்த இறங்கியவர்களைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

உள்ளூர்க்காரர்கள் 'போர் லூயி' என்கிறார்கள். மேற்கே கடல், மற்றப் பக்கங்களில் மலை. லெ பூஸ் என்றொரு மலை, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதுபோல நிற்கிறது; பெயருக்கும் அதுதான் பொருள். இந்தியப் பெருங்கடலின் நடுவில் இருக்கும் ஒரு குடியரசின் தலைநகரில் வாழ்பவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர்தான். நம் ஊரில் இது ஒரு மாவட்டத் தலைநகரின் அளவு. பகலில் வங்கி, நீதிமன்றம், நாடாளுமன்றம், சந்தை என்று நெரிசல் தாங்காது. மாலை ஐந்து மணிக்கு மேல் தெருக்கள் காலியாகிவிடுகின்றன. வேலைக்கு வந்தவர்கள் மெட்ரோ ரயிலிலும் பேருந்திலும் மேட்டு நிலத்து ஊர்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்தக் காலியாவதற்கும் ஒரு கதை உண்டு. 1866இல் தொடங்கி 1868 வரை மலேரியா இந்த நகரத்தைச் சூறையாடியது. பல்லாயிரம் பேர் செத்தார்கள். கையில் காசு இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் குளிர்ச்சியான கியூர்பிப் போன்ற மேட்டு ஊர்களுக்குக் குடிபெயர்ந்தன. போக முடியாதவர்கள் கீழேயே கிடந்தார்கள். சமூகவியல் வகுப்பில் நகர அமைப்பு பற்றி வட்டம் வட்டமாகப் படம் போட்டுப் படித்திருக்கிறோம். இங்கே வட்டமெல்லாம் தேவையில்லை, மேடும் பள்ளமும் போதும். நம் ஊரில் சேரி எப்போதும் ஏன் தாழ்வான பக்கத்தில், வெள்ளம் முதலில் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளமும் இங்கே உண்டு. 2013 மார்ச் 30 அன்று சில மணி நேரம் பெய்த மழையில் இந்தச் சின்ன நகரத்தில் 11 பேர் இறந்தார்கள்.

முதல் மாலை மத்தியச் சந்தைக்குப் போனோம். அங்கேதான் மனசு ஒட்டியது. கீரை விற்கும் அம்மா எங்களைப் பார்த்துக் கிரியோல் மொழியில் கூவியதில் ஒரு சொல் காதில் விழுந்தது: 'முருங்'. முருங்கைக்கீரையேதான். பக்கத்துக் கடையில் 'கறிபுலே' என்றால் கறிவேப்பிலை. 'பிப்பங்காய்' என்றால் பீர்க்கங்காய். ஓட்டலில் 'ரசோன்' என்று கேட்டால் ரசம் தருகிறார்கள். 'காதோ பிமா' என்று எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவது, பெயரை மறந்துவிட்டுத் தின்றால், நம் பருப்பு வடைதான். தமிழே பேசாத ஆட்கள் தினமும் தமிழ் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவர் சொன்னார். சிரித்துக்கொண்டே இரண்டாவது வடையை வாங்கினோம்.

ஆனால் இந்த இனிப்பான கதையோடு நிறுத்திக்கொள்ளும் கட்டுரைகளை நாம் நிறையவே படித்திருக்கிறோம். கடல் கடந்த தமிழன், கோயில் கட்டினான், காவடி எடுத்தான், நாணயத்தில் தமிழ் இருக்கிறது, வாழ்க. எந்தத் தமிழன் கப்பல் ஏறினான், ஏன் ஏறினான் என்று அவை கேட்பதில்லை.

1735இல் லா பூர்தொனே என்ற பிரெஞ்சு ஆளுநர் வந்து இந்தத் துறைமுகத்தைத் தலைமையிடமாக்கினார். பதினைந்தாம் லூயி மன்னன் பெயர் நிலைத்தது. கப்பல்துறை, கிடங்கு, மருத்துவமனை, கோட்டை எல்லாம் அந்தக் காலத்தில் எழுந்தவை. புதுச்சேரியிலிருந்து தச்சர்களும் கொத்தர்களும் வந்து வேலை செய்தார்கள் என்பது உண்மை. நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வதும் இதைத்தான். அதே காலத்தில், அதே கரையிலிருந்து, அடிமைகளாக விற்கப்பட்டு வந்தவர்களும் இருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. மடகாஸ்கர், மொசாம்பிக், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை ஆகிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களோடு தென்னிந்தியர்களும் அந்தச் சந்தையில் விலை போனார்கள்.

1810இல் ஆங்கிலேயர்கள் தீவைப் பிடித்தார்கள். அடிமை முறை ஒழிப்புச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்த நாள் 1835 பிப்ரவரி 1. ஆனால் கூலி ஒப்பந்தத்தில் இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு 'அட்லஸ்' கப்பல் போர்ட் லூயிஸில் வந்து நின்றது 1834 நவம்பர் 2இல். தேதிகளை இன்னொரு தடவை பாருங்கள், தோழர்களே. சங்கிலியைக் கழற்றுவதற்கு மூன்று மாதம் முன்பே அடுத்த ஆள் தயார். விடுதலையானவர்கள் சுமார் 66,000 பேர். அவர்களுக்கு ஒரு காசு நட்டஈடு இல்லை. நட்டஈடு கிடைத்தது முதலாளிகளுக்கு, இருபது லட்சம் பவுனுக்கும் மேல். விடுதலையானவர்களும் 1839 வரை 'பயிற்சியாளர்' என்ற பெயரில் அதே தோட்டத்தில் கட்டாயமாக வேலை செய்ய வேண்டியிருந்தது.

ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய இடம்தான் இன்று ஆப்ரவாசி காட் என்று அழைக்கப்படுகிறது. முன்பு அதன் பெயர் கூலி காட். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொத்தமே 1,640 சதுர மீட்டர் நிலம். மிச்சத்தை நெடுஞ்சாலை விழுங்கிவிட்டது. கடலிலிருந்து மேலே ஏற 16 கல் படிகள். இன்று அந்தப் படிகளுக்குக் கீழே கடல்கூட இல்லை, தூர்த்துவிட்டார்கள். 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் தீவுக்கு இப்படி வந்தார்கள். பெரும்பகுதியினர் திரும்பிப் போகவில்லை.

படிகளில் ஏறி இறங்கினோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார் பறையிசைத் தோழர். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

மாதக் கூலி ஐந்து ரூபாய், கூடவே அரிசி, பருப்பு. ஒப்பந்தம் ஐந்து வருடம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. ஒப்பந்தம் முடிந்தவர்களையும் சும்மா விடவில்லை. 1867 சட்டத்துக்குப் பிறகு புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைய வேண்டும். சீட்டு இல்லாமல் சாலையில் அகப்பட்டால் நாடோடி என்று சொல்லிச் சிறை. 1871இல் இந்தத் தொழிலாளர்களின் மனுவைத் திரட்டிக் கொடுத்த அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற மனிதரைத் தோட்ட முதலாளிகள் தெருவில் அடித்தார்கள். அந்த மனுதான் அரச விசாரணைக் குழுவை இங்கே வரவழைத்தது.

இவ்வளவையும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி எங்களை விடவில்லை. இவ்வளவு கொடுமை என்றால் ஏன் வந்தார்கள்? ஏமாற்றிக் கூட்டிவந்தார்கள், பஞ்சம் துரத்தியது என்பதெல்லாம் சரி. ஆனால் செங்கல்பட்டு, தென்னார்க்காடு, தஞ்சாவூர்ப் பக்கம் படியாளாக, பண்ணையாளாகக் கிடந்தவர்களுக்குத் தப்பித்துப் போக வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? அடிமை முறையைச் சட்டம் கண்டுகொள்ளாது என்று இந்தியாவில் 1843இல்தான் சட்டம் போட்டார்கள். அதற்குப் பிறகும் பண்ணையில் எதுவும் மாறவில்லை. ஐந்து வருடத்துக்கு என்று எழுதிய காகிதம், எத்தனை கொடூரமானாலும், ஒரு முடிவுத் தேதியுள்ள காகிதம். படியாளுக்கு முடிவுத் தேதி கிடையாது. இதை ஆங்கிலேயனுக்கு நற்சான்று கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. நம் ஊர் எப்படி இருந்தது என்று சொல்கிறோம்.

காட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், லா பூர்தொனே காலத்து ராணுவ மருத்துவமனைக் கட்டிடத்தில் அடிமை முறை அருங்காட்சியகம் இருக்கிறது. மொரிசியஸ் அரசு 2009இல் அமைத்த உண்மைக்கும் நீதிக்குமான ஆணையம் இப்படியொன்று வேண்டும் என்று 2011இல் பரிந்துரைத்தது. திறந்தது 2023இல். பக்கத்துப் பக்கத்து இரண்டு நினைவிடங்களுக்கும் இடையில் 17 வருட வித்தியாசம். ஒப்பந்தக் கூலிகளின் வாரிசுகள் இன்று நாட்டின் பெரும்பான்மை, ஆட்சியிலும் இருக்கிறார்கள். அடிமைகளின் வாரிசுகளான கிரியோல் மக்கள் இல்லை. நினைவுச் சின்னத்துக்கும் வரிசை உண்டு.

கம்பெனித் தோட்டம் என்ற பழைய பூங்காவில் பெரிய ஆலமரங்களின் நிழலில் சிலைகள் நிற்கின்றன. அதில் ஒன்று அட்ரியன் டெப்பினேயுடையது. அடிமை உரிமையாளர்களின் தரப்பைப் பேச லண்டன் வரை போன வழக்கறிஞர் அவர். சிலையைச் செய்தது அவருடைய மகன் ப்ரோஸ்பேர். அதே மகன் செய்த 'பாலும் விர்ஜினியும்' சிலையைத் துறைமுகத்தோரம் ப்ளூ பென்னி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1847ஆம் வருடத்து அஞ்சல்தலை இரண்டுக்காகப் பெயர் பெற்ற இடம் அது. அஞ்சல்தலை மங்கிவிடக் கூடாதென்று மணிக்குச் சில நிமிடங்கள் மட்டுமே விளக்குப் போடுகிறார்கள். நாங்கள் போன நேரம் இருட்டாக இருந்தது, காத்திருக்கவில்லை.

'பாலும் விர்ஜினியும்' நாவலை எழுதிய பெர்னார்தென் டி சேன்-பியேர் 1768 முதல் 1770 வரை இந்தத் தீவில் இருந்தவர். அவர் இன்னொரு சிறு கதையும் எழுதினார், பெயர் 'இந்தியக் குடிசை'. உண்மையைத் தேடி இந்தியா வரும் ஆங்கில அறிஞர் ஒருவர் கடைசியில் அதை ஒரு 'பாரியா'வின் குடிசையில் கண்டடைவார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

மறுநாள் நகரத்தின் வடகிழக்கு விளிம்பில் உள்ள ரோஷ் புவா பகுதிக்குப் போனோம். போகாதீர்கள், கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று விடுதியில் இரண்டு பேர் எச்சரித்தார்கள். நம் ஊரில் எந்தெந்தப் பகுதிகளைப் பற்றி இப்படிச் சொல்வார்களோ, அதே குரல். யாரும் எதையும் பிடுங்கவில்லை. துறைமுகச் சரக்குப் பெட்டிகளின் ஓரமாக, தகரமும் கான்கிரீட்டும் கலந்த வீடுகள். பெரும்பாலும் கிரியோல் மக்கள். சாகோஸ் தீவுகளிலிருந்து வந்தவர்களும் இந்தப் பக்கம்தான் ஒதுங்கினார்கள். டியேகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைக்க இடம் வேண்டும் என்று பிரிட்டன் 1973க்குள் ஒரு மக்கள் கூட்டத்தையே காலி செய்து கப்பலேற்றியது. அந்த வருடம் 'நோர்ட்வேர்' என்ற கப்பலில் வந்தவர்கள், தங்க வீடு சொல்லாமல் இறங்க மாட்டோம் என்று போர்ட் லூயிஸ் துறையில் கப்பலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு பல வருடங்கள் இதே நகரத் தெருக்களில் பட்டினி கிடந்து போராடியவர்களில் முன்னால் நின்றவர்கள் பெண்கள்.

பாடகர் காயாவும் ரோஷ் புவா ஆள்தான். செகா என்ற அடிமைகளின் இசையையும் ரெகேயையும் சேர்த்து 'செகே' என்ற இசையை மக்களிடம் கொண்டுசேர்த்தவர். 1999 பிப்ரவரியில் ஒரு இசை நிகழ்ச்சியில் கஞ்சா புகைத்தார் என்று கைது செய்தார்கள். பிப்ரவரி 21 அன்று போர்ட் லூயிஸ் லாக்கப்பில் தலையில் காயத்தோடு பிணமாகக் கிடந்தார். தீவு பல நாட்கள் எரிந்தது. லாக்கப் மரணம் என்றால் என்னவென்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. யார் லாக்கப்பில் சாகிறார்கள் என்பதற்கும் வேண்டியதில்லை.

செகாவின் உயிர் ராவான் என்ற தோல் கருவி. அகலமான வளையத்தில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டியது. ஒரு வீட்டு முற்றத்தில் இளைஞர்கள் சிலர் காகிதத்தைக் கொளுத்தி அந்தத் தீயில் ராவானை வாட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோழர் நின்றுவிட்டார். பறையையும் அப்படித்தானே காய்ச்சுகிறோம்? அவர் கைப்பேசியில் தன் குழுவின் காணொளியைக் காட்டினார், நம் ஆட்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சும் காட்சி. அதற்கு மேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ராவானை வாங்கி மடியில் சாய்த்து வெறுங்கையால் அடித்துப் பார்த்தார், வரவில்லை. குச்சி இல்லாமல் கை பழகவில்லை என்றார். அவர்கள் சிரித்தார்கள். தோட்ட முதலாளிகளும் பாதிரிமார்களும் நெடுங்காலம் கேவலமாகப் பார்த்த மேளம் அது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் செகாவும் ஏறிவிட்டது. இப்போது விடுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடுகிறார்கள். நம் பறையும் அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறதோ என்று திரும்பும் வழியில் கொஞ்சம் சண்டை போட்டுக்கொண்டோம். அது வேறு கட்டுரை.

இந்த நாட்டின் தேர்தல் முறையில் ஒரு வினோதம். நாடாளுமன்றத்தில் கூடுதலாக 8 இடங்களைச் சமூகவாரியாக நிரப்புகிறார்கள். அதற்காக அரசியல் சட்டம் மக்களை நான்காகப் பிரிக்கிறது: இந்து, முஸ்லிம், சீனர், 'பொது மக்கள்'. முதல் மூன்றிலும் அடங்காதவர்கள் எல்லாரும் நாலாவது. அதாவது அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் அடிமைகளை வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே பெட்டிக்குள். சாதிக்கு அங்கே கட்டம் இல்லை. ஆனால் இந்து வேட்பாளர்களை நிறுத்தும்போது சாதிக் கணக்குப் பார்ப்பது ஊரறிந்த ரகசியம். 'கிரான் நாசியோன்', 'தி நாசியோன்' என்றால் பெரிய சாதி, சின்ன சாதி. கப்பலில் சாதி கரைந்துவிட்டது என்று எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். ஒரே பானையில் சோறு பொங்கித் தின்றது உண்மை. கரை ஏறியதும் காயப்போட்டு மடித்து வைத்துக்கொண்டார்கள்.

தமிழர்களிடம் கேட்டால், எங்களுக்குள் அதெல்லாம் இல்லை என்று உடனே பதில் வருகிறது. அவர்களுடைய கவலை வேறு. 1998இல் புதிய ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியை வைத்துவிட்டார்கள் என்று பெரிய கிளர்ச்சி. அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது. 100 ரூபாய் நோட்டில் இருக்கும் ரெங்கநாதன் சீனிவாசன் தமிழர். இதையெல்லாம் எங்களிடம் சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பயிலரங்கில் பழக்கமாகி, கடைசி நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சிக்னல் மலை அடிவாரத்தில் சின்ன வீடு. வாழை இலையில் ஏழு கறி. பள்ளியில் படித்த தமிழில் எழுத்துக் கூட்டி வாசிப்பார், பேச வராது. நாங்கள் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். ஆங்கிலத்தில் பேசினோம், நடுநடுவே அவருக்குப் பிரெஞ்சு வந்துவிடும்.

சாப்பிட்டு முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே, அவருடைய அப்பாவின் தாத்தா சென்னையில் கப்பல் ஏறியபோது எழுதப்பட்ட தாளின் நகல். கட்டம் போட்ட தாள். பெயர், தகப்பன் பெயர், வயது 22, உயரம், உடம்பில் அடையாளம், ஜில்லா தென்னார்க்காடு, ஊர். 'சாதி' என்ற கட்டத்தில் ஒரு குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல்.

டீச்சர் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். "நீங்கள் தமிழ்நாட்டு ஆட்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். இங்கே 'பாரியா' என்று எழுதியிருக்கிறது. பிரெஞ்சில் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும், விலக்கி வைக்கப்பட்டவன். ஊரை விட்டுத் தள்ளி வைத்திருக்கிறார்கள் இவரை. அதனால்தான் கப்பல் ஏறியிருக்கிறார்." கொஞ்சம் தயங்கினார். "அவர் என்ன குற்றம் செய்தார்?"

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பல வருடங்களாக அவர் மனதில் இருந்த கேள்வி அது என்று தெரிந்தது. திருடியிருப்பாரோ, யாரையாவது வெட்டியிருப்பாரோ என்று அவருடைய அப்பாவே யோசித்ததுண்டாம்.

சொல்லலாமா கூடாதா என்று எங்களுக்குள் கண்ணாலேயே ஒரு விவாதம் ஓடியது. இவ்வளவு காலம் சாதி தெரியாமல் வாழ்ந்த ஒரு குடும்பத்துக்குள் அதைக் கொண்டுபோய் வைக்க நாம் யார்? அதே சமயம், செய்யாத குற்றத்தை நூற்றைம்பது வருடமாக ஒரு மனிதர் சுமந்துகொண்டிருக்கிறார். எது பெரிய அநியாயம்?

பறையிசைத் தோழர்தான் பேசினார். "அவர் ஒரு குற்றமும் செய்யல, டீச்சர். அது எங்க சாதியோட பேரு. என் சாதிச் சான்றிதழ்லயும் அதே பேருதான் இருக்கு, எழுத்துக்கூட்டல்தான் வேற." அதை நாங்கள் ஆங்கிலத்தில் சொன்னோம். பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னோம். பறை என்பது ஒரு தோல் கருவி. பறையர் என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். அந்தப் பெயரை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய் உலகத்தில் விலக்கப்பட்ட எல்லாருக்குமான சொல்லாக்கினார்கள். உங்கள் பிரெஞ்சு அகராதிக்குள் அது போனதில் இந்தத் தீவைப் பற்றி எழுதிய அந்த நாவலாசிரியருக்கும் பங்குண்டு. சொல் உங்கள் அகராதியிலிருந்து உங்கள் தாத்தாவுக்குப் போகவில்லை. உங்கள் தாத்தாவிடமிருந்து அகராதிக்குப் போயிருக்கிறது.

டீச்சர் நீண்ட நேரம் பேசவில்லை. அழுவார் என்று பயந்தோம். அழவில்லை. "அப்படியென்றால் இவரை யாரும் தள்ளி வைக்கவில்லையா?" என்றார். அதற்குப் பதில் சொல்லத்தான் சிரமப்பட்டோம். தள்ளி வைத்தார்கள், டீச்சர். பிறக்கும்போதே. இவர் ஒருவரை அல்ல, எல்லாரையும்.

தாளின் பின்பக்கம் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தோம். 'ப', 'றை', 'ய', 'ர்' என்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். வல்லின 'ற' அவருக்கு இடையின 'ர' ஆகத்தான் வந்தது. பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல்லை நாங்கள் படித்ததே இல்லை என்றார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் பாடத்தில் வந்ததில்லை, விளையாட்டுத் திடலில்தான் காதில் விழும் என்று சொல்ல நினைத்தோம். சொல்லவில்லை.

கிளம்பும்போது கேட்டார்: "அந்த ஊருக்கு நான் வந்தால் யாரைக் கேட்க வேண்டும்?" குமாஸ்தாவின் எழுத்துக்கூட்டலில் அந்த ஊர்ப் பெயர் இன்றைய மூன்று ஊர்களுக்குப் பொருந்தும். கடலூர்ப் பக்கத்துக்காரரான எங்கள் தோழி, நாங்கள் தேடிப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு அனுப்பினார். விஷயத்தைக் கேட்டு அவருடைய அண்ணன் கோபப்பட்டிருக்கிறார். அண்ணன் மகனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. அந்தத் தாளை யாரிடமும் காட்டாதே, உள்ளே வை என்றாராம். எங்களுக்குள் அதெல்லாம் இல்லை என்று எங்களிடம் அடித்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். டீச்சர் தாளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஆனால் அதற்கு முன்பே அவருடைய பேத்தி இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டாள். கல்லூரியில் அதைப் பற்றி எழுதப் போகிறாளாம். எழுதலாமா என்று டீச்சர் எங்களைக் கேட்டார். அவளிடமே கேளுங்கள் என்றோம்.

போன மாதம் அந்த மூன்று ஊர்களில் ஒன்றுக்குப் போனோம். பேருந்து நிறுத்தத்தில் பெட்டிக்கடை. டீ வாங்கிக்கொண்டு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தி இந்த ஊரிலிருந்து மோரீஸ் தீவுக்குப் போன ஒருத்தர் குடும்பத்தைத் தேடி வந்திருக்கிறோம் என்று கடைக்காரரிடம் சொன்னோம். தாத்தாவின் பெயரையும் சொன்னோம். அவர் பாய்லரை மூடிவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தத் தெரு ஆளு?" என்று கேட்டார்.

காலனி என்றோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். அங்கே இரண்டு பெரியவர்களோடு பேசியிருக்கிறோம், இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. மற்ற இரண்டு ஊர்களுக்கும் பொங்கல் கழித்துப் போக வேண்டும்.